சிற்பத்தைப் படிக்கக் கற்பிப்போம்: காரைக்கால் அம்மையார் திருவுருவம்

ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிட்சாடன மூர்த்தி வீதியுலா வரும்போது மாங்கனிகள் வீசப்படுவதை நம் காரைக்கால் மாணவர்கள் நன்கு அறிவர். ஆனால் அம்மையாரின் பழைய சிற்பப் படத்தை வகுப்பில் காட்டினால் முதலில் எழுவது சிரிப்பு. அடுத்து வருவது, "ஏன் சார் இவங்க இப்படி இருக்காங்க?" என்ற கேள்வி. பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

கதையும் உருவமும்

வணிகர் குலத்தில் பிறந்த புனிதவதியைத் தெய்வம் எனக் கருதி அஞ்சிய கணவன் பரமதத்தன், அவரைப் பிரிந்து வேறு மணம் புரிந்தான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டாம் என்று அவர் பேயுருவை வேண்டிப் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அம்மையார் தம் திருவாலங்காட்டுப் பதிகங்களில் தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே குறிப்பிட்டுள்ளார்.

சிற்பிகள் அவர் சொல்லை அப்படியே ஏற்றனர். துருத்திய விலா எலும்புகள், வற்றிய மார்பு, கையில் தாளம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் சிற்பத்தின் கீழ் அவர் அமர்ந்திருக்கிறார். கம்போடியாவில் 967இல் எழுந்த பந்தியாய் ஸ்ரீ கோயிலில், ஆடும் சிவனருகே உள்ள மெலிந்த உருவமும் அவரே என்பர் அறிஞர். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் அவரது சோழர் காலச் செப்புத்திருமேனி உள்ளது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. படத்தை இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கச் செய்க. கண்டதை மட்டும் சொல்லட்டும்; கருத்து பிறகு.

2. சோழர் கால உமையம்மை செப்புத்திருமேனியின் படத்தை அருகில் வைக்க. இத்தனை அழகாகச் செய்யத் தெரிந்த கலைமரபு, அம்மையாரை ஏன் இப்படிச் செய்தது? திறன் குறைவன்று, தெரிந்தே செய்த தேர்வு என்பதை மாணவர்களே கண்டடைவர்.

3. தொடக்க வகுப்பினர் தாளமிடும் கைகளை வரையட்டும். மேல்நிலை வகுப்பினர் அம்மையாரின் முகத்தில் துயரம் உள்ளதா, மகிழ்ச்சி உள்ளதா எனக் காரணத்துடன் ஐந்து வரி எழுதட்டும்.

உலகக் கலையோடு ஒப்பீடு

இத்தாலியின் அசிசி நகரப் புனித பிரான்சிஸும் வணிகர் மகன். அவர் தம் ஆடைகளையும் துறந்த காட்சியை, புளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஓவியர் ஜியோட்டோ (மறைவு 1337) தீட்டினார். சினந்து பாயும் தந்தையைப் பிறர் பிடித்து நிறுத்துகின்றனர். ஆயர் தம் மேலாடையால் பிரான்சிஸை மூடுகிறார். புனிதரின் கதையில் ஒரு வீட்டுச் சண்டையைக் காண்கிறோம். இவ்வாறு மனித உணர்வைச் சுவரில் நிறுத்தியதால்தான், ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்குப் பின் இளம் மைக்கேலாஞ்சலோவும் ஜியோட்டோவின் உருவங்களைப் பார்த்து வரைந்து பழகினார். இந்த ஒப்பீட்டால் எல்லாச் சமய மாணவரும் பாடத்தில் பங்கேற்க முடியும்.

ஆசிரியர் கவனத்திற்கு

இச்சிற்பத்தைக் காட்டும்போது, மெலிந்த மாணவி ஒருத்தியைச் சுட்டிப் பட்டப்பெயர் சூட்டும் குரலும் எழக்கூடும். அதைக் கேட்காததுபோல் கடந்துவிட வேண்டாம். "அம்மையார் தம் உருவைத் தாமே தேர்ந்தெடுத்தார், பிறர் உருவுக்குப் பெயர் வைக்க நமக்கு உரிமை உண்டா?" என்று வகுப்பைக் கேளுங்கள். சிவபெருமானே "அம்மையே" என்று அழைத்தது அந்த எலும்புருவைத்தான் என்பதையும் நினைவூட்டுங்கள். வளரிளம் பருவத்தில் உடல் குறித்த கேலியால் குன்றிப்போகும் பெண் குழந்தைக்கு, தேர்வு மதிப்பெண்ணைவிட அந்த ஒரு சொல் பெரிய துணை.