பழங்காலக் கார்ப் பந்தயங்களில் தொண்டூழியம்: ஒரு பார்வை

தொண்டூழியம் என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருபவை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கூடுதல் வகுப்பு, முதியோர் இல்லத்தில் தீபாவளி விருந்து, இரத்ததான முகாம், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல். இவை எல்லாமே தேவையானவைதாம். நானும் இவற்றில் சிலவற்றில் பங்கெடுத்திருக்கிறேன். ஆனால், கார்ப் பந்தயத்தை யாரும் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு, அங்கே நமக்கென்ன வேலை என்பதே பொதுவான எண்ணம். உண்மையில், சம்பளம் வாங்காமல் தடத்தோரத்தில் நிற்பவர்கள் வராவிட்டால் பல பந்தயங்களில் ஒரு கார்கூடப் புறப்பட முடியாது. அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆங்கிலத்தில் இவர்களை மார்ஷல் என்பார்கள். நான் 'தடக் காவலர்' என்று எழுதுகிறேன். மொழிக்கழக நண்பர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வேன்.

இயந்திரப் பொறியியல் மாணவனான எனக்கு, மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி இங்கிலாந்தில் சில மாதங்கள் படிக்கும் வாய்ப்புக் கிட்டியது. அங்கே வின்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் கிளப் என்ற மன்றம் இருக்கிறது. 1934இல் தொடங்கப்பட்டது. பெரும் பணக்காரர் அல்லாத கார்ப் பிரியர்களுக்காகவே அதைத் தொடங்கினார்கள் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 'வின்டேஜ்' என்ற சொல்லை நாம் பழையது எதற்கும் பயன்படுத்துகிறோம். அங்கே அதற்குத் திட்டமான வரையறை உண்டு. 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களே வின்டேஜ். அதற்கும் முந்தியவை எட்வர்டியன். 1930களில் வந்தவற்றுள் தரமானவற்றை மட்டும் தனிப் பிரிவாக ஏற்றுக்கொள்கிறார்கள். புகாட்டி, பென்ட்லி, சங்கிலியால் சக்கரம் சுழலும் ஃபிரேசர் நாஷ், ஏழைகளின் கார் எனத்தக்க சின்னஞ்சிறு ஆஸ்டின் செவன் ஆகிய எல்லாம் ஒரே மைதானத்தில் நிற்கும். அவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கும் காட்சிப் பொருள்கள் அல்ல. நூறு வயதை நெருங்கும் கார்களை இன்றும் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள்.

குளோஸ்டர்ஷியரில் பிரெஸ்காட் என்ற இடத்தில் இவர்களின் மலையேற்றப் பந்தயம் நடைபெறும். 1938 முதல் பந்தயம் காணும் மலைச்சாலை அது. சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஒவ்வொரு காராக ஏறிக் கடக்க வேண்டும். குறைந்த நேரத்தில் கடப்பவரே வெற்றியாளர். அங்கேதான் நான் பயிலுநர் தடக் காவலராக நின்றேன். முதலில் இணையவழியாக ஓர் அறிமுகப் பயிற்சி. பிறகு காலையில் கையெழுத்திட்டு, விளக்கக் கூட்டத்தில் அமர்ந்து, அனுபவசாலி ஒருவரோடு ஒரு வளைவில் நிறுத்தப்படுவது. எனக்கு வாய்த்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பழக்கதோஷத்தில் நான் 'சார்' என்றே கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டு, பெயர் சொல்லியே அழைக்கச் சொன்னார். எனக்கு அன்று மாலைவரை நா எழவில்லை.

வேலைகள் பலவகை. புறப்பாட்டுக் கோட்டில் ஒருவர் நீளமான கைப்பிடி வைத்த கட்டையைப் பின்சக்கரத்தின் அடியில் கொடுத்துப் பிடிப்பார். மேட்டில் நிற்கும் கார் பின்னோக்கி உருளாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடு. நேரம் கணிப்பவர்கள் ஒளிக்கற்றையைக் கொண்டு அளப்பார்கள். அதைத் தெளிவாக வெட்டுவதற்காக ஒவ்வொரு காரின் முன்னாலும் ஒரு கறுப்புத் தகடு செங்குத்தாகப் பொருத்தப்பட்டிருக்கும். கார்ச் சோதனைக் குழு பிரேக், திசைமாற்றி, எரிவாயில் மிதியை விட்டதும் அது தானாகத் திரும்புகிறதா என்பன போன்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கும். கார்களை வரிசைப்படுத்த, அறிவிக்க, வாகன நிறுத்துமிடத்தைக் கவனிக்க என்று இன்னும் பலர் தேவை. இயந்திரம் பற்றி எதுவும் தெரியாதவருக்கும் இடமுண்டு.

வளைவில் நிற்பவருக்குத் தரப்படும் பொருள்களைக் கண்டு நான் அசந்துபோனேன். கொடி, தீயணைப்பான், வானொலிக் கருவி ஆகியவற்றை எதிர்பார்த்திருந்தேன். கூடவே ஒரு துடைப்பமும் சிமெண்டுத் தூளும் இருந்தன. பழங்காலக் கார்கள் எண்ணெய் சிந்தும். சாலையில் ஒரு கையளவு எண்ணெய் கிடந்தாலும் அடுத்து வருபவரின் மெல்லிய சக்கரம் வழுக்கிவிடும். ஆகவே தூளைத் தூவி, எண்ணெயை உறிஞ்சவிட்டு, கூட்டித் தள்ள வேண்டும். இத்தகைய கார்கள் பலவற்றில் இருக்கைப் பட்டையும் கிடையாது, கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளையமும் கிடையாது. அந்தத் துடைப்பத்திற்கு இருக்கும் மதிப்பு அப்போதுதான் விளங்கியது.

மலைச்சாலையில் முக்கியமானது சிவப்புக் கொடி. முன்னே சென்ற கார் உச்சியை எட்டுவதற்குள் அடுத்த கார் புறப்பட்டுவிடுவதும் உண்டு. வளைவில் ஒரு கார் சுழன்று குறுக்கே நின்றுவிட்டால், கீழிருந்து வருபவருக்கு அது தெரியாது. கொடி அசைந்தால் அவர் உடனே நிறுத்தியாக வேண்டும். வட்டத் தளங்களில் கொடிகள் கூடுதல். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தாதே. மஞ்சளும் சிவப்பும் கோடிட்டிருந்தால் தடம் வழுக்கும். நீலம் என்றால் பின்னால் வேகமான கார் நெருங்குகிறது. ஓட்டுநருக்கும் நமக்கும் இடையே உள்ள ஒரே மொழி இதுதான். அவர் அதைப் படிக்கக் கிடைப்பது ஓரிரு வினாடிகளே.

இவ்வளவு பயிற்சி எதற்கு, உதவும் மனம் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். பந்தய வரலாறு இதற்குக் கசப்பான விடை வைத்திருக்கிறது. 1973இல் நெதர்லாந்தின் சான்ட்வோர்ட் தளத்தில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து தீப்பற்றியது. அருகில் நின்ற காவலர்களிடம் தீயைத் தாங்கும் உடை இல்லை. அவர்களால் நெருங்க முடியவில்லை. டேவிட் பர்லி என்ற சக பந்தய வீரர் தம் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, எரியும் காரைத் தனியாளாகப் புரட்ட முயன்றார். முடியவில்லை. கடந்து சென்ற மற்ற ஓட்டுநர்கள் பர்லியைத்தான் விபத்துக் காரிலிருந்து தப்பியவர் என்று நினைத்துக்கொண்டார்கள். பந்தயம் நிறுத்தப்படவே இல்லை. வில்லியம்சன் இறந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1977இல், தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. தடத்தின் மறுபக்கம் நின்றுபோன ஒரு காரில் சிறு தீ. அதை அணைக்க இரு காவலர்கள் ஓடும் பந்தயத்தின் குறுக்கே பாய்ந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜான்சன் வான் வூரனுக்கு 19 வயது. கையில் சுமார் 18 கிலோ எடையுள்ள தீயணைப்பான். மேட்டைத் தாண்டி மணிக்கு ஏறக்குறைய 270 கிலோமீட்டர் வேகத்தில் வந்த டாம் பிரைஸின் கார் அவர்மேல் மோதியது. தீயணைப்பான் பிரைஸின் தலையைத் தாக்கியது. இருவரும் அங்கேயே இறந்தனர். அந்த இளைஞர் என்னைவிட மூன்று வயது சிறியவர். அவரிடம் துணிச்சலுக்குக் குறைவில்லை. குறுக்கே ஓடாதே என்று அவரைத் தடுத்து நிறுத்தும் ஏற்பாடுதான் இல்லை.

ஆகவேதான் இன்றைய பயிற்சியில் முதல் பாடம் ஓடக் கற்பதன்று, நிற்கக் கற்பது. வரும் கார்களுக்கு முதுகைக் காட்டக்கூடாது. தடத்தில் இறங்குமுன் தப்பும் வழியைப் பார்த்து வைக்க வேண்டும். ஒருவர் வேலை செய்தால் மற்றவர் போக்குவரத்தையே கவனிக்க வேண்டும். காயமடைந்தவரைத் தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தாலொழிய மருத்துவக் குழு வரும்வரை அசைக்கக்கூடாது. இடைநிலைப்பள்ளியில் செம்பிறைச் சங்கத்திலோ செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸிலோ இருந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும். புறப்பாட மதிப்பெண்ணுக்காகக் கற்றது வீண்போகாது.

இந்த மன்றம் குளிர்காலத்தில் சேற்று மலைகளில் நடத்தும் போட்டிகளும் வேடிக்கையானவை. எண்பலகைகள் நட்ட வழுக்குச் சரிவில் கார் எதுவரை ஏறியது என்று தொண்டூழியர்கள் குறித்துக்கொள்வார்கள். சக்கரம் பிடிப்பதற்காகப் பயணி இருக்கையில் குதித்துக்கொண்டே வருவார். சிக்கிய காரைத் தள்ளிவிட ஆள் வேண்டும். வெள்ளத்தில் புரோட்டோன் சாகா தள்ளிய அனுபவமுள்ள மலேசியர் எவரும் அங்கே மிளிரலாம்!

மலையேற்றப் பந்தயம் நம் வட்டாரத்துக்கும் புதிதன்று. சிங்கப்பூரின் சவுத் புவனா விஸ்தா சாலையில் 'கேப்' மலையேற்றம் ஒரு காலத்தில் நடைபெற்றது. தேசியப் பல்கலைக்கழகத்தை அடுத்த அந்த வளைந்த சாலையில் நம் நண்பர்கள் பலர் பேருந்தில் போயிருப்பார்கள். தாம்சன் சாலையில் 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்தது. இன்று நமக்கு 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் இருக்கிறது. 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். ஃபார்முலா ஒன் 2017இல் விடைபெற்றாலும் மோட்டோஜிபியும் உள்நாட்டுப் பந்தயங்களும் நடக்கின்றன. சிங்கப்பூரில் 2008 முதல் இரவுப் பந்தயம். எல்லாவற்றுக்கும் தடக் காவலர்கள் தேவை. செப்பாங்கின் ஒரு வளைவில் நின்று பார்க்க, சொந்தமாக மோட்டார்சைக்கிள்கூட வேண்டியதில்லை. பந்தயத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே ஆள்சேர்ப்பு அறிவிப்பைக் கவனித்து, பயிற்சி நாளைத் தவறவிடாமல் இருந்தால் போதும்.

போகிறவர்கள் தொப்பியும் நிறைய தண்ணீரும் கொண்டு செல்லுங்கள். செப்பாங் வெயில் பிரெஸ்காட் வெயில் அன்று. நைலான் உடை வேண்டாம், தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சிவப்புச் சட்டையும் மஞ்சள் சட்டையும் வீட்டிலேயே இருக்கட்டும். தூரத்தில் வரும் ஓட்டுநருக்கு அவை கொடியாகத் தெரியும்.