வேறு வேறு கம்பெனி ராம் சேர்த்துப் போடலாமா?



பிள்ளைகள் படிக்கும் பழைய கணினி மெதுவாக ஓடினால், புதிது வாங்கும் முன் ராம் (நினைவகம்) கூட்டிப் பார்ப்பது சிக்கனமான வழி. உள்ளே இருப்பது ஒரு கம்பெனி, கடையில் கிடைப்பது வேறு கம்பெனி என்றால் என்ன செய்வது? பழையதைக் கழற்றிவிட்டு ஜோடியாகப் புதிது வாங்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டியதில்லை. உலகில் ராம் சிப்புகளில் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய 3 கம்பெனிகளே. கிங்ஸ்டன் போன்றவை சிப்புகளை வாங்கி, அட்டையில் பதித்துத் தம் பெயரில் விற்கின்றன. ஜெடெக் என்ற அமைப்பு வகுத்த பொது அளவுகோலையே எல்லோரும் பின்பற்றுகிறார்கள். எனவே பெயரை விட்டுவிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. தலைமுறை: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று சேராது. வெட்டுப்பள்ளம் இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருகினால் சேதம்தான்.

2. உருவம்: மடிக்கணினிக்குக் குட்டை அட்டை, மேசைக் கணினிக்கு நீள அட்டை. சர்வருக்கான 'ரெஜிஸ்டர்டு' ராம் மலிவாகக் கிடைத்தாலும் வீட்டுக் கணினியில் வேலை செய்யாது.

3. மின்னழுத்தம்: டிடிஆர்3 வகைக்கு 1.5 வோல்ட், டிடிஆர்3எல் வகைக்கு 1.35 வோல்ட் போதும். 1.35 வோல்ட் மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் 1.5 வோல்ட் ராமைப் போடக்கூடாது.

4. வேகம்: 2400-ம் 2666-ம் சேர்ந்தால் இரண்டும் 2400-லேயே ஓடும். வேகமானதற்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

5. கொள்ளளவு: 4 ஜிபியுடன் 8 ஜிபி சேர்த்தால் பொதுவாக 12 ஜிபி கிடைக்கும். ஆனால் இரண்டும் சம அளவாக இருந்தால் இரட்டைப் பாதையில் முழுமையாக இயங்கி, வேகம் கூடும்.

வாங்கும் முன் கணினி அதிகபட்சம் எவ்வளவு ராம் ஏற்கும், காலி ஸ்லாட் உண்டா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் ராம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பலனில்லை.

நம் பகுதியிலிருந்து பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டை போய் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். கணினியையே எடுத்துச் செல்லுங்கள். முடியாவிட்டால் பழைய ராமின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில் கேளுங்கள். 'சேராவிட்டால் மாற்றித் தருவீர்களா?' என்று பணம் கொடுக்கும் முன்பே பேசி முடியுங்கள்.

கணினி திறந்துவிட்டது என்பதோடு திருப்தி அடையாதீர்கள். எல்லாம் பொருந்தியும் அபூர்வமாகச் சில ஜோடிகள் ஒத்துப்போவதில்லை. நன்றாக ஓடுவது போல் இருந்து, பிள்ளையின் புராஜெக்ட் கோப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். எனவே முக்கியமான கோப்புகளை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்துவிட்டு, 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' சோதனையை ஓட்டுங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு ராமையும் தனியாகப் போட்டுச் சோதியுங்கள். தனித்தனியே தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை வந்தால், ராம் கெட்டதல்ல, ஜோடிதான் சரியில்லை. மாற்றிக் கேளுங்கள்.

நல்ல நிலையில் கழற்றிய ராமைக் குப்பையில் போடாதீர்கள். பெயர் எதுவானாலும், அதே வகை கணினி வைத்திருக்கும் இன்னொரு மாணவருக்கு அது உதவும்.