சிறகு முளைக்கும் முன்

நாட்டுக்கு வரக்கூடிய கேடுகள் எவை என்பதைத் திருக்குறள் உரையாசிரியர் பரிமேலழகர் எண்ணிச் சொல்கிறார். மிகுந்த மழை, மழையின்மை, எலி, கிளி ஆகியவற்றோடு விட்டிலையும் அவர் சேர்க்கிறார். இன்று விட்டில் என்றால் விளக்கில் விழும் பூச்சியே நம் நினைவுக்கு வருகிறது. பரிமேலழகர் சொன்ன விட்டிலோ பயிரைத் தின்று தீர்க்கும் வெட்டுக்கிளி. சொல்லின் பொருள் நகர்ந்துவிட்டது, கேடு நகரவில்லை. நாட்டுக்கு வந்த கேடு வீட்டுக் கொல்லைக்கும் வருகிறது.

தில்லியில் மழைக்காலத்தில் வெண்டையும் கத்தரியும் தண்டுக்கீரையும் பயிரிடுவோர் இதனை நன்கு அறிவர். எங்கள் விடுதியின் பின்புறத்தில் நண்பர் சிலருடன் சேர்ந்து நானும் நான்கு பாத்திகளைப் பேணி வருகிறேன். அங்கு வந்து இலைகளைப் பார்ப்பவர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: “என்ன மருந்து அடிக்கலாம்?” அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. எப்பொழுது எதிர்ப்பது என்பதே அது. அதனை விளக்கவே இக்கட்டுரை.

வந்தவரும் இருப்பவரும்

முதலில் இருவகைப் பகையைப் பிரித்தறிய வேண்டும். 2020-ஆம் ஆண்டு மே மாதம் ஜெய்ப்பூரிலும், ஜூன் 27 அன்று குருகிராமிலும் தில்லியின் எல்லையிலும் வானை மறைத்துப் பறந்தவை பாலை வெட்டுக்கிளிகள். அவற்றின் கூட்டம் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 8 கோடி வரை இருக்கக்கூடும். அத்தகைய கூட்டம் ஒரு நாளில் தின்பது ஏறக்குறைய 35,000 மக்களின் உணவுக்கு ஈடாகும். தனித்துத் திரியும் வெட்டுக்கிளியும் கூட்டமாய்ப் பறக்கும் வெட்டுக்கிளியும் வேறு வேறு இனங்கள் என்று முன்னர்க் கருதினர். அவை ஒரே இனத்தின் இரு நிலைகளே என்பதை 1921-ஆம் ஆண்டில் போரிஸ் உவரோவ் என்ற அறிஞர் எடுத்துக்காட்டினார். அத்தகைய படையெடுப்பை எதிர்ப்பது அரசின் வேலை. தகரம் தட்டி நாம் விரட்டினால் அது அடுத்த வீட்டுக்குப் போகும், அவ்வளவே.

நம் கொல்லையில் ஆண்டுதோறும் இருப்பவை வேறு. அவை எங்கிருந்தோ வந்தவை அல்ல. பெரும்பாலும் நம் வரப்பிலேயே பிறந்தவை. அவற்றை நாம் எதிர்க்க முடியும்.

மூன்று முகங்கள்

இப்பகுதித் தோட்டங்களில் மூவகை வெட்டுக்கிளிகளை எளிதில் காணலாம். ஒன்று, கூம்பிய தலையும் பச்சை உடலும் உடையது. கீரையிலும் பூச்செடியிலும் அமர்ந்தால் இலையோ பூச்சியோ என்று ஐயுறச் செய்யும். மற்றொன்று, மண்ணின் நிறமும் சொரசொரப்பான குறுகிய உடலும் கொண்டது. இது தரையோடு தரையாய் இருந்து, முளைத்துவரும் நாற்றைக் கடித்துத் துண்டாக்கும். மூன்றாவது, மஞ்சளும் நீலப்பச்சையும் கலந்த பட்டைகளோடு அழகாய்த் தோன்றும் எருக்க வெட்டுக்கிளி. இது எருக்கஞ்செடியையே பெரிதும் விரும்புவது. எருக்கு அற்றுப்போனால் மற்றச் செடிகளை நாடும். ஆதலின், வேலியோர எருக்கை வெட்டுமுன் அதில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது நன்று.

மண்ணுக்குள் ஒரு கருவூலம்

வெட்டுக்கிளிக்குப் புழுப்பருவமும் இல்லை, கூட்டுப்புழுப்பருவமும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு தாயின் வடிவையே சிறிதாகக் கொண்டிருக்கும். சிறகு மட்டும் இராது. பொதுவாக ஐந்தாறு முறை தோலுரித்து வளர்ந்து, கடைசித் தோலை உரித்த பின்னரே அது முழுச் சிறகு பெறுகிறது.

முட்டையிடும் முறையே நாம் கருத்தூன்றி அறிய வேண்டியது. பெண் பூச்சி தன் வயிற்றின் நுனியை மண்ணுக்குள் நீட்டி முட்டைகளை இடுகிறது. அவற்றைச் சூழ நுரை போன்ற பசையைச் சுரக்கிறது. அந்நுரை இறுகி உறையாகிறது. மேலே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடிக்கடி கொத்தும் பாத்தியைவிட, யாரும் தொடாத வரப்பும் புல்தரையும் நடைபாதை ஓரமுமே இதற்கு ஏற்ற இடங்கள்.

வட இந்திய உழவர் ‘ஃபட்கா’ என்று அழைக்கும் வெட்டுக்கிளியின் ஆண்டு வாழ்க்கை இதனைத் தெளிவாக்கும். மழைக்கால முடிவில் இட்ட முட்டைகள் பனிக்காலமும் கோடையும் மண்ணுக்குள் கிடக்கின்றன. ஜூன், ஜூலையில் மழைநீர் மண்ணை நனைத்ததும் குஞ்சுகள் வெளிவருகின்றன. மழைக்காலத்துக்குள்ளேயே சிறகு பெற்று, இணைந்து, மீண்டும் முட்டையிட்டு மடிகின்றன. ஆண்டில் ஒருமுறைக்கு மேல் பெருகும் இனங்களும் உண்டு. எனினும் அவற்றின் தொடக்கமும் மண்ணில்தான்.

காலத்தே செய்யத்தக்கவை

மழை முடிந்து பனி தொடங்கும் மாதங்களில் வரப்பையும் வேலியோரத்தையும் மண்வெட்டியால் மேலாகக் கொத்திப் புரட்டிவிட வேண்டும். வெளிப்பட்ட முட்டைக் கூடுகளை வெயில் உலர்த்தும். மைனாவும் கொக்கும் தின்னும். இந்த ஒரு வேலைக்கு மருந்தும் வேண்டாம், பொருட்செலவும் வேண்டாம்.

மழை பெய்த பின் வரும் வாரங்களே இரண்டாம் வாய்ப்பு. அப்பொழுது குஞ்சுகள் பறக்க இயலாமல், பிறந்த புல்லின் அருகிலேயே தத்திக்கொண்டிருக்கும். வெயில் ஏறுமுன் அவை சோம்பிக் கிடக்கும். அவ்வேளையில் பூச்சிவலையை வீசிப் பிடித்துச் சோப்பு நீரில் போடலாம். நாற்றுப் பாத்தியை மெல்லிய கொசுவலைத் துணியால் மூடி, விளிம்பில் மண் அணைக்கலாம். சிறகு முளைத்த பின்னரோ, ஒன்றைத் துரத்தினால் பத்தடி தள்ளி அமரும். அதனைக் கொன்றாலும் பக்கத்துக் கொல்லையிலிருந்து மற்றொன்று வரும்.

வேம்பின் துணை

இலையைக் காக்க வேம்பு உதவும். 1962-ஆம் ஆண்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் தில்லிக்கு வந்தபொழுது, பூசாவிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் பிரதான் என்ற பூச்சியியல் அறிஞரும் அவர் குழுவினரும் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிரில் தெளித்துச் சோதித்தனர். பூச்சிகள் அப்பயிரில் இறங்கின, ஆயினும் தின்னவில்லை. பின்னர் 1968-ஆம் ஆண்டில் வேப்பங்கொட்டையிலிருந்து அசாடிராக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர்.

ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு என்பது கணக்கு. பருப்பை இடித்து, இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்க வேண்டும். கடும் வெயில் அதன் ஆற்றலைக் குறைக்கும், மழை கழுவிவிடும். ஆதலின் பத்து நாளைக்கு ஒருமுறை மீண்டும் தெளித்தல் வேண்டும். இது பூச்சியை உடனே கொல்லும் நஞ்சன்று. செடிக்கடியில் செத்த பூச்சியைத் தேடாமல், புதிய கடி விழுந்திருக்கிறதா என்று இலையைப் பாருங்கள்.

நஞ்சு எவருக்கு?

ஒரு காலத்தில் வெட்டுக்கிளிக்குப் பி.எச்.சி. தூளைத் தூவுவதே வழக்கமாக இருந்தது. மண்ணிலும் உணவிலும் உடலிலும் தங்கும் அந்நஞ்சு 1997-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. இன்றைய மருந்துகளும் பகைவனை மட்டும் தேர்ந்து கொல்வன அல்ல. வெட்டுக்கிளியைத் தின்னும் ஓணானும் கரிச்சானும் கும்பிடு பூச்சியும், அதன் முட்டைக்குள் வளரும் சிறு குளவியும் நம் கூலியில்லாக் காவலர்கள். வெண்டைப் பூவைத் தின்னும் கொப்புள வண்டைக் கண்டு நாம் சினங்கொள்கிறோம். அதன் குஞ்சுப் புழுவோ மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டையைத் தின்று வளர்கிறது. மேலே பகைவன், கீழே நண்பன்! இவர்கள் எல்லாரையும் கொன்றுவிட்டால் அடுத்த ஆண்டு நமக்குத் துணை யார்?

அன்றியும், காலையில் நஞ்சு தெளித்த கீரையை மாலையில் நாமே ஆய்ந்து உண்கிறோம். வயலுக்கு விதித்த மருந்தைக் கொல்லைக்குக் கொண்டுவருமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நம் கடமை.

நான்கு இலையில் துளை விழுந்தால் செடி மடியாது. சிறிது இழப்பைப் பொறுத்து, பெரும் இழப்பைக் காலத்தே தடுப்பதுதான் தோட்டக்கலை. விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்கள் தத்தம் வீட்டுக் கொல்லையிலும் வரப்பைக் கொத்திப் பாருங்கள். ஆகஸ்டில் பறப்பதைத் துரத்தி ஓடுவதைவிட, டிசம்பரில் அரை நாள் மண்வெட்டி பிடிப்பது எளிது.