மீன் தொட்டியில் லாப்ஸ்டர் – வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



போன மாதம் ஒரு குழுவுக்குப் பதிவேடு பார்க்கப் போயிருந்தேன். கணக்கு முடிந்ததும் ஊக்குநர் அக்கா, "மேடம், எங்க தொட்டிய ஒரு தடவ வந்து பாருங்க. என்ன தப்புன்னே தெரியல" என்று கூப்பிட்டார்.

அந்தக் குழுவில் ஐந்து பேர் உள்கடன் எடுத்து வண்ணமீன் வளர்க்கிறார்கள். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. மீன் எடுக்கும் கடையில், "இதையும் போடுங்க, பார்க்கிறவங்க இதத்தான் கேப்பாங்க" என்று நீல நிறத்தில் ஒரு ஜோடி லாப்ஸ்டர் கொடுத்திருக்கிறார்கள். பத்தே நாள். நட்ட செடியெல்லாம் அடியோடு வெட்டுப்பட்டு மிதந்தது. கோல்டு ஃபிஷ் பதினொன்றைக் காணோம். மிச்சம் இருந்ததற்கு வால் இல்லை. ஜோடியில் ஒன்றை இன்னொன்று தின்றுவிட்டது.

"ராத்திரி யாரோ மீன் திருடுறாங்கன்னு நெனச்சோம் மேடம்" என்றார் ஒரு அக்கா. எல்லோரும் சிரித்தோம். ஆனால் போனது கடன் பணம். அடுத்து அவர் சொன்னதுதான் என்னைப் பதற வைத்தது: "இந்தச் சனியன வாய்க்கால்ல விட்டுடலாம்னு இருக்கோம்."

அதனால்தான் இந்த மாதப் பாடமாக இதை எழுதுகிறேன்.

இது என்ன பிராணி?

கடையில் லாப்ஸ்டர் என்று சொன்னாலும் இது கடல் சிங்கி இறால் இல்லை. நன்னீரில் வாழும் இதன் பெயர் கிரேஃபிஷ். இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரன். முன்னால் இரண்டு கொடுக்கு இருக்கும். நம் நாட்டு ஏரி, குளத்தில் இயற்கையாக இது கிடையாது. வளர்ப்புக்காக வெளிநாட்டு இனங்கள் வந்திருக்கின்றன.

பகலில் கல் இடுக்கில் சாதுவாகக் கிடக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் கிளம்பும். செடி, புழு, செத்த மீன், தூங்கும் மீன், எது கிடைத்தாலும் தின்னும். ஒரே கூண்டில் கோழிக்குஞ்சையும் கீரிப்பிள்ளையையும் விட்டுவிட்டுக் காலையில் எண்ணிப் பார்த்த கதைதான் அந்தக் குழுவுக்கு நடந்தது.

வளர்த்தே ஆக வேண்டும் என்றால்

1. தனித் தொட்டிதான் நல்லது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதில் ஒன்று போதும். இரண்டு விட்டால் சண்டை வரும்.

2. மூடி கட்டாயம். காற்றுக் குழாயைப் பிடித்து ஏறி வெளியே வந்துவிடும். செவுள் ஈரமாக இருக்கும்வரை தரையிலும் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

3. ஒளிய இடம் கொடுங்கள். உடைந்த மண்பானை, பி.வி.சி. குழாய்த் துண்டு போதும். வளர வளரப் பழைய ஓட்டைக் கழற்றும். அப்போது உடம்பு மெத்தென்று இருப்பதால் ஒளிந்துகொள்ளும். கழற்றிய ஓட்டைச் செத்துப்போனது என்று நினைத்து எடுத்து எறிய வேண்டாம். சுண்ணாம்புச் சத்துக்காக அதையே தின்னும்.

4. மீன் சேர்ப்பதானால், மேல்மட்டத்தில் வேகமாக நீந்தும் டானியோ மாதிரி விலை குறைந்த மீன்களை மட்டும் சேருங்கள். அதிலும் ஒன்றிரண்டு போகலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கோல்டு ஃபிஷ், ஃபைட்டர், ஏஞ்சல் போல மெதுவாகப் போகிற, நீண்ட துடுப்புள்ள மீன் கூடவே கூடாது. அடியில் மேயும் மீனும் வேண்டாம்.

5. மெல்லிய இலைச் செடிகள் நிற்காது. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் போன்ற தடித்த இலைச் செடிகளைக் கல்லில் நூலால் கட்டி வையுங்கள். அதற்கும் உத்தரவாதம் இல்லை. வேகவைத்த கீரை, கேரட் துண்டு அவ்வப்போது போட்டால் செடியைக் கடிப்பது கொஞ்சம் குறையும். மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் கெடும்.

6. செம்பு கலந்த மீன் மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மீனுக்கு நோய் தீர்க்கும் அந்த மருந்தே இதைக் கொன்றுவிடும்.

வாய்க்காலில் விட்டால் என்ன ஆகும்?

வரப்பில் நண்டு வளை போட்டால் தண்ணீர் நிற்காமல் போவது நமக்குத் தெரியும். இதுவும் வளை தோண்டும். அமெரிக்காவிலிருந்து சிவப்புக் கிரேஃபிஷை 1970களில் ஸ்பெயின் நாட்டுக்கு வளர்ப்புக்காகக் கொண்டு போனார்கள். அது நெல் வயல்களில் பரவி, வரப்பைத் துளைத்து, நாற்றையும் தின்று சேதம் செய்தது. கென்யா நாட்டு நைவாஷா ஏரியில் 1970இல் இதே இனத்தை விட்டார்கள். தண்ணீருக்குள் இருந்த செடிகள் வெகுவாகக் குறைந்துபோக அதுவும் ஒரு காரணமானது.

"ஒண்ணே ஒண்ணுதானே, என்ன செஞ்சிடும்?" என்று கேட்கலாம். பளிங்குக் கிரேஃபிஷ் என்று ஓர் இனம் உண்டு. அதில் எல்லாமே பெண். ஆண் இல்லாமலே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கில் முட்டை. 1990களில் ஜெர்மனியில் மீன் தொட்டி வளர்ப்பவர்களிடம்தான் இதை முதலில் கண்டார்கள். பிறகு மடகாஸ்கர் தீவின் நெல் வயல்வரை பரவிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் இந்த இரண்டு இனங்களையும் விற்கவும் வளர்க்கவும் தடை செய்தது. கடையில் கொடுப்பது எந்த இனம் என்று நம்மால் சொல்ல முடியுமா?

அதனால் வேண்டாம் என்று தோன்றினால் கடையில் திருப்பிக் கொடுங்கள். வாங்க ஆள் இல்லையென்றால் கொன்று புதைப்பதே சரி. மனசு கேட்காதுதான். ஆனால் ஓர் ஊரின் வாய்க்காலைவிட அது பெரிதில்லை. தொட்டித் தண்ணீரையும் துணியில் வடிகட்டி, குளம் வாய்க்கால் பக்கம் போகாமல் காய்ந்த தரையில் ஊற்றுங்கள். குஞ்சுகள் மிகச் சின்னதாக இருக்கும்.

அந்தக் குழு கடையில் பேசித் திருப்பிக் கொடுத்துவிட்டது. காசு வரவில்லை. கடன் பாக்கியைக் கப்பி விற்று அடைக்கிறார்கள். "புதுசா எது வாங்கினாலும் கூட்டத்தில் பேசி, வளர்த்தவங்ககிட்ட விசாரிச்ச பிறகே வாங்கணும்" என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். பதினொரு மீனுக்குக் கிடைத்த பாடம் அது.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேச:

• புதிய பொருளில் பணம் போடுவதற்கு முன் நாம் யாரிடம் விசாரிக்கிறோம்? விற்பவரிடம் மட்டுமா?
• நம் ஊர் ஏரி, குளத்தில் வெளியிலிருந்து வந்து பரவிய செடி, மீன் எவை? அதனால் என்ன நஷ்டம்?
• வீட்டில் மீன் வளர்க்கும் பிள்ளைகளுக்கு இதை யார் எடுத்துச் சொல்வது?