முதல் வாரங்களிலேயே ஒரு வேலை

"அண்ணா, நீங்க 2011-லேர்ந்து ஆடுறீங்க. நான் எப்போண்ணா உங்களைப் பிடிக்கிறது?"

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி ஆட்டத்துக்கு வந்து மூன்று வாரம் ஆன ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. "கவலைப்படாதே, நான் பார்த்துக்கறேன்" என்றேன். சொன்னதோடு நிற்காமல், என் ஹாங்கரில் இருந்த ஒரு பேட்டில்க்ரூஸர் போர்க்கப்பலை ஆயுதம், கவசம் எல்லாம் பொருத்தி அவனுக்கே கொடுத்துவிட்டேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு, பாதுகாப்புக் குறைந்த லோசெக் பகுதிக்குப் போனான். நட்சத்திர மண்டலங்களை இணைக்கும் கேட்டை ஒட்டிக் காத்திருந்த ஒரு கூட்டம் ஒரு நிமிடத்துக்குள் அதை உடைத்துப் போட்டது. "உங்க கப்பலைத் தொலைச்சிட்டேன்ணா, மன்னிச்சிடுங்க" என்று எழுதினான். அதற்குப் பிறகு அவன் உள்ளே வரவே இல்லை.

கப்பல் போனது எனக்குப் பெரிய விஷயமில்லை. அவன் தோளில் ஒரு கடனை ஏற்றிவிட்டேனே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது. அவன் கேட்ட கேள்விக்கு நியாயமான பதில் ஒன்று இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட ஆட்டம் இது. இதில் திறன்கள் நிஜ நேரத்தில் வளரும். நாம் ஆடினாலும் தூங்கினாலும் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் மொத்தப் புள்ளியில் பழைய ஆளைப் புதியவர் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது. ஆனால் ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து படிகள்தான். மிக எளிய வகைத் திறன் ஒன்றில் நான்காம் படியை எட்ட மொத்தம் 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் படிக்கு 2,56,000 வேண்டும். படிக்குப் படி கிடைக்கும் பலன் பெரும்பாலும் ஒரே அளவுதான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு உழைப்பிலேயே நூற்றுக்கு எண்பது பலன் கைக்கு வந்துவிடுகிறது. நான் ஒரு சின்ன ஃப்ரிகேட்டில் ஏறினால், வருடக்கணக்கில் சேர்த்த சுரங்கத் திறனும் வணிகத் திறனும் அந்தக் கப்பலில் எனக்கு ஒன்றும் செய்யாது. அந்த ஒரு கப்பலில், சில வாரங்களில், புதியவர் என் பக்கத்தில் வந்து நிற்க முடியும். அந்தத் தம்பியிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

ஆட்டத்தை நடத்துபவர்களும் இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் வந்த ஸ்கில் இன்ஜெக்டர், ஒருவரின் திறன் புள்ளிகளை எடுத்து இன்னொருவருக்கு விற்க வழி செய்தது. 50 லட்சம் புள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு இன்ஜெக்டரில் முழுதாக 5 லட்சம் கிடைக்கும். 8 கோடியைத் தாண்டியவருக்கு 1.5 லட்சம்தான். நல்ல ஏற்பாடு. ஆனாலும் முதல் மாதத்தில் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். புள்ளி ஏறிவிடும், கைப்பழக்கம் ஏறாது.

இப்போது எங்கள் ஆட்டக்குழுவான கார்ப்பரேஷனில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் நான் கொடுப்பது பத்து காண்டோர் ஃப்ரிகேட்டுகள். பத்திலும் ஒரே மாதிரிப் பொருத்தம். பத்தையும் சேர்த்தாலும் ஒரு பேட்டில்க்ரூஸரின் விலை வராது. கொடுக்கும்போதே சொல்லிவிடுவேன்: "இது பத்தும் உடையத்தான் போகுது. உடைஞ்சா எனக்கு மெசேஜ் போட வேணாம்."

அடுத்தது ஓவர்வியூ. திரையின் ஓரத்தில் ஓடும் அந்தப் பட்டியல் புதியவருக்குக் குப்பைமேடு மாதிரி இருக்கும். உடைந்த கப்பல்கள், ட்ரோன்கள், நம் ஆட்கள், எதிரி, எல்லாம் கலந்து கிடக்கும். அதில் எதிரியைத் தேடுவதற்குள் சண்டை முடிந்துவிடும். என்னுடைய செட்டிங்கை சாட்டில் லிங்க்காகப் போட்டால் ஒரு க்ளிக்கில் அவர்களுக்கு வந்துவிடும். இரண்டு நிமிட வேலை, ஆனால் ஒரு மாதத் தடுமாற்றம் மிச்சம்.

நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டம் முழுக்க யுடிசி கணக்கு. 19:00 மணிக்கு ஃப்ளீட்டாகச் சேர்ந்து கிளம்புகிறோம் என்றால் நமக்கு நள்ளிரவு 12:30. மறுநாள் கல்லூரி இருக்கும் பிள்ளையை அதற்கு வா என்று கூப்பிடக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி வரட்டும்.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்தாள், சேர்ந்து ஒன்பது நாளே ஆன ஒரு பெண். 2014 ஜனவரியில் 21 மணி நேரம் நடந்து 75 டைட்டன் ராட்சதக் கப்பல்கள் உடைந்த பி-ஆர்5ஆர்பி போரைப் பற்றிப் படித்துவிட்டு ஆட்டத்துக்கு வந்தவள். அவளுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: எதிரியை ஓடவிடாமல் பிடித்து வைப்பது. வார்ப் டிஸ்ரப்டர் என்ற கருவியை எதிரி மேல் போட்டுவிட்டால் அவனால் வார்ப் செய்ய, அதாவது அதிவேகமாகப் பாய்ந்து தப்ப, முடியாது. சாதாரண டிஸ்ரப்டரின் எல்லை 20 கிலோமீட்டர். அதற்குப் பெரிய கப்பல் தேவையில்லை, வேகமான கப்பல் போதும்.

ஒரு கேட்டில் எதிரியின் க்ரூஸர் தனியாக நின்றது. அவள் அதிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி இறங்கினாள். புதியவர்கள் எல்லாரும் இங்கே 'அப்ரோச்' பட்டனைத்தான் அழுத்துவார்கள். கப்பல் நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். நேராக வரும் கப்பலைச் சுட பீரங்கி திரும்பவே வேண்டாம், அத்தனை குண்டும் விழும். "நேராப் போகாதேம்மா. அவனுக்குப் பக்கவாட்டில வெறும் வெளியைப் பாத்து ரெண்டு க்ளிக் பண்ணு. சுத்தி வளைச்சு உள்ள போ" என்றேன். வளைந்து போகும் சின்னக் கப்பலைத் துரத்தி அந்தப் பீரங்கியால் அவ்வளவு வேகமாகத் திரும்ப முடியாது. ஹெட்செட்டில் அவள் மூச்சு வாங்குவது கேட்டது. முப்பத்தைந்து. இருபத்தெட்டு. இருபத்திரண்டு. குரல் நடுங்க, "பாயின்ட்!" என்றாள். டிஸ்ரப்டர் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃப்ளீட்டில் ஒருவர் இருக்கும் இடத்துக்கு மற்றவர்கள் வார்ப் செய்யலாம். நாங்கள் பதினொரு பேரும் அவள் இருந்த இடத்துக்கே போய் இறங்கினோம். அதற்குள் எதிரியின் ட்ரோன்கள் அவளைச் சூழ்ந்துவிட்டன. நாற்பது நொடி தாக்குப்பிடித்தாள், பிறகு காண்டோர் வெடித்தது. பாட் என்ற உயிர்காப்புக் கலத்தில் தப்பி ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தாள். க்ரூஸர் மேல் அதற்குள் எங்கள் ஆட்களின் டிஸ்ரப்டர்கள் விழுந்துவிட்டன. அவனால் எங்கும் போக முடியவில்லை.

முடிந்ததும், கப்பலை யார் யார் சேர்ந்து உடைத்தார்கள் என்று சொல்லும் கில்மெயிலைத் திறந்து அவளோடு சேர்ந்து பார்த்தேன். இதை ஒவ்வொரு முறையும் செய்கிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். பட்டியலில் எங்கள் பெயர்களுக்கு நடுவே அவள் பெயர் இருந்தது. சேதம்: 0. "என் பேர் எதுக்குண்ணா இதுல?" என்றாள். நீ பிடிக்கலேன்னா இந்த மெயிலே கிடையாதும்மா என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "ஹாங்கர்ல இன்னும் எத்தனை இருக்குண்ணா?"

"ஒன்பது."

"அடுத்தது எந்த கேட்?"