சோதனைக்கூடப் படிப்பு: கண், கை, மனம்



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் செர்டாங்கில் கோயில் மண்டபத்தில் நம் பிள்ளைகளோடு உட்கார்ந்து மேற்படிப்புப் பாரங்களைப் பூர்த்தி செய்வது எங்கள் வழக்கம். அப்படி ஒரு நாள் ஒரு தம்பி வந்தான். தோட்டத்துப் பையன். மலாய், கணிதம், அறிவியல் மூன்றிலும் நல்ல கிரெடிட்.

"அண்ணே, எனக்கு மருத்துவமனை லேப்லதான் வேலை செய்யணும். இந்த ரிசல்ட் போதும்தானே?"

நான் பல ஆண்டுகள் மருத்துவச் சோதனைக்கூடத்தில் வேலை செய்தவன். "ரிசல்ட் போதும் தம்பி. கண்ணு எப்படி? நிறம் பார்க்கிற சோதனை செஞ்சிருக்கியா?" என்று கேட்டேன். "கண்ணாடியே போடல அண்ணே, கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றான்.

மறுநாள் பாரிட் புந்தாரில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப் போனேன். புள்ளி புள்ளியாக நிறம் தீட்டிய ஒரு புத்தகத்தைக் காட்டினார்கள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை அது. முதல் பக்கத்து எண்ணைச் சொன்னான். அதற்குப் பிறகு பல பக்கங்களில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை. 17 வருஷம் அது தெரியாமலே வளர்ந்திருக்கிறான்.

அவன் முகத்தை இன்னும் நான் மறக்கவில்லை. இந்தப் பாடத்தை எழுதுவதற்கு அவன்தான் காரணம்.

உடல் தகுதி

நிறம் ஏன் இவ்வளவு முக்கியம்? சோதனைக்கூடத்தில் பாதி விஷயத்தை நிறம்தான் சொல்கிறது. 1884-இல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் கண்டுபிடித்த சாயமுறையை இன்றும் தினமும் பயன்படுத்துகிறோம். ஒருவகைக் கிருமி ஊதாவாகத் தெரியும், இன்னொரு வகை இளஞ்சிவப்பாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் எந்த மருந்தில் தொடங்கலாம் என்று மருத்துவர் யோசிப்பார். சிறுநீர்ப் பட்டையில் சர்க்கரை, புரதம் எல்லாம் நிற மாற்றமாகவே தெரியும். இரத்தம் எடுக்கும் குழாயின் மூடியும் அப்படித்தான். இளம் ஊதா மூடி இரத்த அணுக்களை எண்ண, நீல மூடி உறைதலைப் பார்க்க, சாம்பல் மூடி சர்க்கரைக்கு.

நிறக்குறை பெரும்பாலும் தாய்வழி மரபணுவில் மகனுக்கு வருவது. பெண்களுக்கு மிக அரிது. யார் மேலும் குற்றமில்லை. கண்ணாடி போட்டாலும் தீராது. ஆகவே, பாரம் அனுப்புவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். சில நிமிட வேலைதான்.

அடுத்தது கை. ஒரு சொட்டு நீர் ஏறக்குறைய 50 மைக்ரோலிட்டர். நாம் சில நேரம் 5 மைக்ரோலிட்டர் அளந்து ஊற்ற வேண்டும். நடுங்காத கை வேண்டும். பழகப் பழக வரும். அதோடு நீண்ட நேரம் நிற்க, குனிந்து நுண்ணோக்கி பார்க்க, இரவு ஷிஃப்ட் செய்ய உடம்பு தாங்க வேண்டும். ஹெப்பாட்டிட்டிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனத் தகுதி

ஒரு தங்கையின் அம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, மலம் மூத்திரம் எல்லாம் தொடணுமாமே? எங்க வீடு சாமி கும்பிடுற வீடு."

நான் சொன்னேன்: "அம்மா, கைக்குழந்தையா இருந்தப்போ இந்தப் பிள்ளைக்கு யார் கழுவி விட்டது? கழுவிட்டு, கை கால் கழுவி நீங்க விளக்கு ஏத்தலையா? இதுவும் அதே வேலைதான். கையுறை போட்டுச் செய்றோம்." அம்மா சிரித்துவிட்டார். அருவருப்பு சில வாரத்தில் போய்விடும். போகாவிட்டால் இந்த வேலை நமக்கில்லை.

அருவருப்பைவிடக் கடினமானவை மூன்று.

முதலாவது, யாரும் பார்க்காத இடத்தில் நேர்மை. காசநோய்க்குச் சளியைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறோம். கிருமி இல்லை என்று எழுத, குறைந்தது 100 இடங்களை நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். 40-இல் நிறுத்திவிட்டு "இல்லை" என்று எழுதினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நோயாளி வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளையோடு ஒரே அறையில் படுப்பார்.

இரண்டாவது, தவற்றை உடனே சொல்லும் துணிவு. பயிற்சிக் காலத்தில் ஒரே பெயருள்ள இரண்டு பேரின் குழாய்களில் நான் லேபலை மாற்றி ஒட்டிவிட்டேன். அடையாள அட்டையின் 12 எண்களையும் சரிபார்க்காமல் பெயரை மட்டும் பார்த்ததால் வந்த வினை. இரத்தம் ஏற்றுவதற்கான சோதனை அது. வகை மாறி ஏற்றினால் உயிரே போகும். சந்தேகம் வந்ததும் வயிறு கலங்கியது. மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். எல்லார் முன்னாலும் திட்டினார். பிறகு இரண்டு பேரிடமும் மறுபடி இரத்தம் எடுத்தோம். அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் வராது.

மூன்றாவது, வாயடக்கம். செர்டாங் போன்ற சின்ன ஊரில் குழாயில் இருக்கும் பெயர் நமக்குத் தெரிந்த பெயராகவே இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் கர்ப்பச் சோதனை, கோயிலில் பார்க்கும் அண்ணனின் எச்.ஐ.வி. சோதனை எல்லாம் நம் கையில் வரும். வீட்டில் அம்மா கேட்டாலும் சொல்லக்கூடாது.

கோயிலில் தெய்வம் பார்க்கிறது என்று நம்புகிறோம். சோதனைக்கூடத்திலும் அதே நம்பிக்கையோடு நிற்பவர்தான் இந்த வேலைக்கு ஏற்றவர். நம் நாட்டில் இது மூன்றாண்டு டிப்ளோமா படிப்பு. 2016-ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ் வரும் மதிப்பான தொழிலும்கூட.

அந்தத் தம்பி என்ன ஆனான்? இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு கணக்கியலுக்கு விண்ணப்பித்தான். "சேர்ந்த பிறகு தெரிஞ்சிருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும் அண்ணே" என்றான். இப்போது பாரம் பூர்த்தி செய்ய வருகிற பிள்ளைகளிடம் முதல் கேள்வியை அவன்தான் கேட்கிறான்: "கண்ணு டெஸ்ட் பண்ணிட்டியா?"

கலந்துரையாட:

1. நீங்கள் விரும்பும் தொழிலுக்கு என்ன உடல் தகுதி வேண்டும்? இதுவரை சோதித்துப் பார்த்தீர்களா?
2. உங்கள் தவற்றை நீங்களே முன்வந்து சொன்ன ஒரு சமயத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.
3. பிறர் இரகசியம் உங்கள் கையில் வந்தால் அதைக் காப்பது ஏன் தர்மம்?