சட்டம் போடறதுக்கு முன்னாடி படத்தைப் பாரு

பாப்பா, புது வீடு மந்திரிக்க ஃபாதர் வர்றதுக்குள்ள சாமிப்படம் வாங்கணும்னியே. கடையில எல்லாமே பளபளன்னுதான் இருக்கும். மினுமினுப்புல மயங்காதே. படத்துல கண்ணும் கையும் எந்தப் பக்கம் போகுதுன்னு முதல்ல பாரு.

திரு இருதய ஆண்டவர் படம் எப்படியும் எடுப்பே. 1997-ல நம்ம தர்மபுரி தனி மறைமாவட்டம் ஆனப்போ பேராலயமானதே அவர் பேர்ல இருக்கிற கோயில்தானே. 1767-ல போம்பேயோ பத்தோனி வரைஞ்ச படம் ரோம்ல இருக்கு. அதுல ஆண்டவர் இருதயத்தைக் கையில ஏந்தி நம்மகிட்ட நீட்டுவார். இப்போ வர்ற அச்சுல பெரும்பாலும் இருதயம் நெஞ்சிலேயே இருக்கும், விரல் அதைக் காட்டும். சுடர் அன்புக்கு, முள்முடியும் ஈட்டிக் காயமும் பாடுகளுக்கு. முகம் நேரா உன்னைப் பார்க்கிற படமா எடு. பார்வை எங்கயோ மேலே போற அச்சு எனக்குப் பிடிக்காது.

சகாய மாதா படத்துலதான் விஷயம் நிறைய. மேலே ரெண்டு ஓரத்துலயும் சின்னதா சம்மனசுங்க இருப்பாங்க. நமக்கு இடப்பக்கம் மிக்கேல்: ஈட்டி, கடற்பஞ்சு செருகின கோல், காடிப் பாத்திரம். வலப்பக்கம் கபிரியேல்: சிலுவை, ஆணி. பாலன் தலையைத் திருப்பி அந்தப் பக்கம்தான் பார்க்கிறார். அதைப் பார்த்துப் பயந்து அம்மாகிட்ட ஓடி வந்த வேகத்துல செருப்பு வார் அவிழ்ந்துடுச்சாம். ஒரு கால்ல அது தொங்கறதைப் பாரு. பிஞ்சுக் கை ரெண்டும் மாதா கையில. ஆனா மாதா பிள்ளையைப் பார்க்கலை, நம்மளைத்தான் பார்க்கிறாங்க. கிழக்குத் திருச்சபை மரபுல வரைஞ்சது, அதான் பின்னாடி வானமோ வீடோ இல்லாம வெறும் பொன் நிறம். அது விண்ணக ஒளி. மேலே இருக்கிற கிரேக்க எழுத்து கடவுளின் தாய்ங்கிறதோட சுருக்கம். மூலப்படம் 1866-லேர்ந்து ரோம்ல புனித அல்போன்சு கோயில்ல இருக்கு.

அதனால சட்டம் போடறவர்கிட்ட ஓரத்தை நறுக்க வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடு. ரெண்டு விரக்கடை போனா சிலுவையும் ஈட்டியும் போச்சு. அப்புறம் பாலன் எதைப் பார்த்துப் பயப்படறார்?

அந்தோனியார், சூசையப்பர் ரெண்டு பேர் கையிலயும் லீலி மலரும் பாலனும் இருக்கும். பழுப்பு அங்கி, இடுப்புல முடிச்சுக் கயிறுன்னா அந்தோனியார். தாடி வெச்சவர் சூசையப்பர்.

ட்யூப்லைட்டுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், கண்ணாடியில வெளிச்சம் அடிச்சு முகமே தெரியாது. ஜெபமாலை சொல்ற மாதிரி பாய்ல உட்கார்ந்து உயரம் பார்த்துக்கிட்டு, அப்புறம் ஆணி அடிக்கச் சொல்லு.